ரேடியோவின் சார்ஜிங் போர்ட் ஆடுகிறது, உள்ளே பச்சை படிந்திருக்கிறது: நானே மாற்றலாமா?

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் அவர், பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 கேட்பதற்காகக் கையடக்க எஃப்.எம். ரேடியோ ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்கிறார். அதன் மைக்ரோ யு.எஸ்.பி. சார்ஜிங் போர்ட் இப்போது ஆடுகிறது. வயரை மேல்பக்கமாக வளைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. போர்ட்டுக்குள் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. கடையில் காட்டியபோது, இதைச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டார்களாம். தன்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருக்கின்றன, தானே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நம் கடற்கரையில் போர்ட் கெடுவதற்கு இழுபடுவதும் தட்டுப்படுவதும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி உப்பு. உப்பை அப்படியே விட்டுவிட்டுப் போர்ட்டை மட்டும் மாற்றினால், புதிய போர்ட்டும் அடுத்த வாடைக்காற்றுக் காலத்தைத் தாண்டாது. ஆகவே உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்னைச் சூடேற்றுவதற்கு முன் வேறொரு நல்ல வயரைச் செருகிப் பாருங்கள். மைக்ரோ யு.எஸ்.பி.யை வடிவமைத்தவர்கள், தேய்ந்துபோகக்கூடிய ஸ்பிரிங் கொக்கிகளை வேண்டுமென்றே வயரின் முனையில்தான் வைத்தார்கள். கருவியில் இருக்கும் போர்ட் 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும், தேய்வது விலை குறைந்த வயராக இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. புதிய வயரில் பிடிப்பு இறுகி, ஆட்டமும் நின்றுவிட்டால் வேலை அத்தோடு முடிந்தது. உங்களுக்கு உள்ளே பச்சையும் இருப்பதால் அவ்வளவு எளிதில் முடியாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ரேடியோவைத் திறக்காதீர்கள்.

அந்தப் பச்சை, செம்பும் உப்புநீரும் சேர்ந்து உண்டாக்கிய செம்பு உப்பு. போர்ட்டின் பின்கள், அதாவது உள்ளே வரிசையாக இருக்கும் தொடுமுனைகள், செம்புக் கலவையால் ஆனவை. அவற்றின்மேல் நிக்கலும் அதன்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சும் இருக்கும். கடல் சாரல் பட்ட போர்ட்டில் ஈரம் காய்வதற்குள் சார்ஜரைச் செருகினால், 5 வோல்ட் பாயும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே உப்புநீர் வழியாக மின்சாரம் ஓடி, 5 வோல்ட் பின்னின் உலோகத்தைக் கரைத்துவிடுகிறது. வெறுமனே நனைந்த போர்ட் மெதுவாகத்தான் அரிக்கும். நனைந்த நிலையில் சார்ஜ் ஏற்றப்பட்ட போர்ட் ஒரே இரவில் கெட்டுப்போகலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், பல போர்ட்டுகளில் ஓரத்தில் உள்ள அந்த ஒரு பின் மட்டும் கறுத்து மெலிந்திருக்க, மற்றவை ஓரளவு நன்றாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உப்பு தானாகக் காய்ந்துபோகும் என்றும் நம்பிவிட முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும்; கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். மண்டபத்திலும் பாம்பனிலும் இரவு நேரத்து ஈரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் வெயிலில் வைத்து மொறுமொறுவென்று காய வைத்த போர்டு (ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை), இரவில் மீண்டும் நனைகிறது. அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பதில் எனக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்றால், அது ஈரத்தை எடுத்தாலும் உப்பை எடுக்காது.

இங்கே பலர் தவறவிடுகிற ஒன்று உண்டு. கடைகளில் போர்டைக் கழுவப் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரைவதே இல்லை. ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டத் தடவும் பசை) விட்ட கறை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றுக்கு அது நல்லது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். அதற்காக வீட்டுக் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ எடுக்காதீர்கள். நம் பகுதியில் பெரும்பாலான நிலத்தடி நீர் உவர்ப்பானது, உப்பை உப்பால் கழுவியது போலாகிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், அதை வாங்குங்கள். பேட்டரியையும் ஸ்பீக்கரையும் தள்ளி வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் நனைத்துப் போர்டின் இரு பக்கங்களையும், குறிப்பாகப் போர்ட்டைச் சுற்றியும் அதன் அடியிலும், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பச்சை கெட்டியாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுத் தேய்த்தால் கரையும். அமிலம் தங்கிவிடாதபடி உடனே மீண்டும் அதே தண்ணீரால் கழுவ வேண்டும். ஆல்கஹாலுக்கு இதன் பிறகுதான் வேலை. தங்கிய தண்ணீரை இடம்பெயர்த்துக்கொண்டு அது விரைவில் காய்ந்துவிடும். தின்னர் வேண்டாம், அது பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும்.

பேட்டரியைத் தள்ளி வைப்பது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன், அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இத்தகைய ரேடியோக்களில் பல, பழைய நோக்கியா பட்டன் போன்களில் இருந்த பி.எல்.5சி வகை பேட்டரியில் ஓடுகின்றன. அப்படியானால் கழற்றி எடுத்துவிடலாம். வயர் பற்றவைத்த பேட்டரியாக இருந்தால் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், கட்டரின் வாயிலேயே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். ஒரு வயரை எடுத்து, அதன் முனையில் டேப் சுற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். உப்பியிருக்கும் பேட்டரியை எக்காரணம் கொண்டும் மீண்டும் பொருத்தாதீர்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு போர்ட்டின் உலோகக் கூட்டை டுவீசரால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கூடு ஆடினால், அது போர்டுடன் சேரும் கால்களில் ஈயம் (பற்றவைத்த சால்டர்) வட்டமாக வெடித்திருப்பது தெரியும். கூடு ஆடவில்லை, உள்ளே பின்களைத் தாங்கியிருக்கும் நாக்கு மட்டும் வளைந்தோ கறுத்தோ இருக்கிறது என்றால் ஈயம் வைப்பதால் பயனில்லை, போர்ட்டையே மாற்ற வேண்டும். ஈயம் மட்டும் வெடித்து, உள்ளிருக்கும் பின்கள் தங்க நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஃப்ளக்ஸ் தடவி, கால்களுக்குப் புதிதாக ஈயம் ஊட்டினாலே போதும். தங்கப் பூச்சு போய்ச் செம்பு தெரிகிற பின்னை எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் மறுபடி பச்சை கட்டும். ரப்பர் பேண்ட் கட்டிச் சமாளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அரைகுறையாகத் தொடும் இடத்தில் 1 ஓம் தடை இருந்தாலே, அரை ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே வீணாகி, கால் வாட் வெப்பம் அந்தச் சிறிய பிளாஸ்டிக் நாக்கில் இறங்குகிறது. இரவு முழுவதும் அப்படி விட்டுவிட்டுத் தூங்கும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாற்றுவது என்று முடிவு செய்தால், பழைய போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மைக்ரோ யு.எஸ்.பி. போர்ட் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் கால்களின் இடைவெளி 5.9, 6.4, 7.2 மில்லிமீட்டர் என்று வேறுபடும், சிலவற்றில் கால்கள் துளைக்குள் இறங்கும், சிலவற்றில் போர்டின் மேலேயே படிந்து நிற்கும். உங்களுக்குத் துளைக்குள் இறங்கும் வகை இருந்தால் அதே வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் இழுப்பைத் தாங்குவது அந்தக் கால்கள்தான்.

கடைக்காரர் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவி வைத்து ஒரே ஊதலில் எடுத்துவிடுவார். உங்களிடம் அது இல்லை. 25 வாட் அயர்னால் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் உருக்கவும் முடியாது. போர்டில் உள்ள எர்த் செம்புத்தளம் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நீங்கள் அழுத்தி அழுத்திச் சூடு காட்ட, பேட், அதாவது கால் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டை, போர்டைவிட்டுக் கிளம்பிவிடும். அதனால் போர்ட்டைக் காப்பாற்ற நினைக்காமல் போர்டைக் காப்பாற்ற நினையுங்கள். மெல்லிய கட்டரால் உலோகக் கூட்டைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட்டால், மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி எடுப்பது 25 வாட்டுக்கும் எளிது. நறுக்கும்போது போர்டை நெம்பக் கூடாது. தொழிற்சாலையில் வைத்த ஈயமில்லாத சால்டர் உருக ஏறக்குறைய 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன்மேல் நம் சாதாரண 63/37 ஈயத்தை, 183 டிகிரியில் உருகுவது அது, கொஞ்சம் கலந்துவிட்டால் உருகும் சூடு குறைந்து வேலை சுலபமாகும். இந்த வேலைக்குத் தாராளமாக ஃப்ளக்ஸ் பயன்படுத்துங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு செம்புப் பின்னல் திரியால் பேட்களைத் துடைத்துச் சமப்படுத்துங்கள்.

புதிய போர்ட்டைப் பொருத்தும்போது கால்களைப் பற்றவைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஐந்து பின்களுக்கும் போக வேண்டும். பின்களுக்கு இடையில் 0.65 மில்லிமீட்டர் தூரம்தான். ஒன்றோடொன்று ஈயம் பாலமாகிவிட்டால் திரியை வைத்து உறிஞ்சிவிடுங்கள். ஐந்தில் இரு ஓரங்களில் இருப்பவைதான் 5 வோல்ட்டும் எர்த்தும். நடுவில் இருக்கும் மூன்றில் இரண்டு தகவல் பரிமாற்றத்துக்கானவை, மற்றொன்று செருகிய வயரின் வகையை அடையாளம் காண்பதற்கானது. சார்ஜ் மட்டும் ஏறும் எளிய ரேடியோவில் அவை பெரும்பாலும் எங்கும் போய்ச் சேர்வதே இல்லை. எனவே நடுப் பேட் ஒன்று கிளம்பிவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஓரப் பேட் கிளம்பிவிட்டால், மோட்டார் காயில் கட்டும் எனாமல் கம்பியின் மெல்லிய இழை ஒன்றைச் சுரண்டி, 5 வோல்ட் பின்னிலிருந்து அந்த ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) போய்ச் சேரும் அடுத்த பாகத்துக்கு, பொதுவாகச் சார்ஜிங் ஐ.சி.க்கு அருகில் உள்ள கெப்பாசிட்டருக்கு, ஜம்பர் இழுத்துவிடலாம். போனில் இதே கதையைச் சொல்ல முடியாது. அங்கே நடுப் பின்களும் வேகமான சார்ஜுக்கும் தகவலுக்கும் தேவைப்படும், அந்த வேலையை அனுபவமுள்ள கடைக்கே விட்டுவிடுங்கள்.

பேட்டரியை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டியில் வைத்து 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் அது கெப்பாசிட்டர். நிற்காமல் அடித்தால் எங்கோ ஷார்ட், சார்ஜரைச் செருகவே கூடாது. எல்லாம் சரியென்றால் பேட்டரியை இணைத்துச் சார்ஜ் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்டேஜ் மெல்ல ஏறி 4.2 வோல்ட் அருகில் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். அதைத் தாண்டிப் போனால் போர்ட் அல்ல, சார்ஜிங் ஐ.சி. போய்விட்டது என்று அர்த்தம்.

இப்படிச் சரிசெய்த போர்ட்டைப் பாதுகாப்பதற்காகச் சிலர் பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானை உள்ளே அப்பிவிடுகிறார்கள். காயும்போது வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். போர்டுக்குள் அதைப் பூசினால் செம்பை அதுவே அரிக்கத் தொடங்கிவிடும். வாசமில்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள், அல்லது போர்ட்டின் பின்பக்க ஈய இணைப்புகளின்மேல் நகப்பூச்சை இருமுறை பூசுங்கள். வயர் செருகும் வாய்ப்பகுதிக்குள் மட்டும் ஒரு துளியும் போகக் கூடாது.

உங்கள் ரேடியோவில் பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால், என் விருப்பம் வேறு. போர்ட்டைத் தொடவே வேண்டாம். கழுவிக் காய வைத்து, அதன் வாயை டேப்பால் ஒட்டி மூடிவிட்டு, பேட்டரியை மட்டும் கரையில் கிளிப் சார்ஜரில் மாட்டிச் சார்ஜ் ஏற்றுங்கள். மாற்று பேட்டரி ஒன்று கையில் இருந்தால் இரண்டு நாள் தங்கலுக்கும் போதும். 18650 என்ற உருளை வடிவ செல் போடும் தலைவிளக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பேட்டரி பற்றவைத்த வகையாக இருந்தால் மட்டும் மேலே சொன்னபடி மாற்றுங்கள். அப்படி மாற்றிய ரேடியோவைப் படகிலுள்ள 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அடாப்டர் போட்டுக் கடலில் வைத்தே சார்ஜ் ஏற்றாதீர்கள். ஈரக்கையோடு வயரைச் செருகும் இடம் அதுதான். கரைக்கு வந்து, போர்ட்டின் வாயை டிஸ்டில்டு வாட்டர் நனைத்த பஞ்சால் ஒற்றி, முழுதாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.