ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஸ்டீயரிங் ஆட்டமும் வெல்டிங் யோசனையும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் தம்மிடம் உள்ள 1960களின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்து அசைத்தால் மேலும் கீழும் ஆடுகிறது. குழிச் சாலையில் கடகடவென்று சத்தம் வருகிறது. ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை. பட்டறையில் காட்டியபோது, வளையத்தைத் தாங்கும் ஸ்டீயரிங் தண்டு இரண்டு துண்டாக இருப்பதுதான் கோளாறு, இணைப்பில் வெல்டிங் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் தொல்லை இராது என்று சொல்லியிருக்கிறார்கள். வெல்டிங் வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

வைக்கக் கூடாது. அந்தத் தண்டு இரண்டு துண்டாக இருப்பது கோளாறு அன்று. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அதன் ஸ்டீயரிங் தண்டில் மேல் பகுதி குழாயாகவும், கீழ்ப் பகுதி அந்தக் குழாய்க்குள் நுழையும் கம்பியாகவும் இருக்கும். இரண்டையும் ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கும். முன்பக்கம் பலமாக மோதினால் கிளாம்பின் பிடி நழுவி, கம்பி குழாய்க்குள் புகுந்து, தண்டின் நீளம் குறையும். வெல்டிங் வைத்த தண்டு அப்படிச் சுருங்காமல் ஓட்டுநரின் மார்பை நோக்கி நேராக வரும். வண்டியின் பெறுமானம், பழைமையின் அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹெரால்டில் இது எளிது, ஏனென்றால் மட்கார்டோடு சேர்ந்த முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்வதால், ராக் (வளையத்தின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பல்தண்டு), கப்ளிங் (ஸ்டீயரிங் தண்டையும் ராக்கையும் சேர்க்கும் ரப்பர் இணைப்பு) எல்லாம் கண்ணெதிரே இருக்கும். வளையத்தை மேலும் கீழும் அசைக்கும்போது, தண்டைச் சுற்றி உறைபோல இருக்கும் வெளிக்குழாயும் சேர்ந்து ஆடினால், டேஷ்போர்டுக்குக் கீழே அதைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. வெளிக்குழாய் அசையாமல் வளையம் மட்டும் ஆடினால் உள்ளே தண்டு ஆடாமல் பிடிக்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. வளையம் நம்மை நோக்கி இழுத்தால் வந்து, தள்ளினால் போனால் கிளாம்ப் பிடிக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. திருப்பும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஒருவரை வளையத்தை இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டு ராக்கைக் கவனியுங்கள். எஞ்சின் எண்ணெய் ஊறி ரப்பர் மெத்தைகள் இளகியிருந்தால், யூ போல்ட் பிடிக்குள்ளேயே ராக் முழுவதும் பக்கவாட்டில் நகர்வதைப் பார்க்கலாம்.

நேயர் சொல்லும் அடையாளங்கள் புஷ்ஷையே காட்டுகின்றன. வெளிக்குழாயின் இரு முனைகளுக்கு அருகிலும் தண்டைத் தாங்கும் புஷ்கள் இருக்கும். அவற்றின் சிறு முனைப்புகள் குழாயில் உள்ள துளைகளில் அமர்ந்திருக்கும். அவற்றை மாற்றுவதற்குத் தண்டைக் கழற்றியாக வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பை எடுங்கள். ஹாரன், இன்டிகேட்டர் கம்பிகள் அந்தக் குழாயை ஒட்டியே வருகின்றன. முன் சக்கரங்களை நேராக வைத்து, கப்ளிங் பக்கத்துத் தண்டிலும் வளையத்தின் நடுவிலும் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் பூட்டிய பிறகு வளையம் கோணலாக நிற்பதோடு, இன்டிகேட்டரும் தானாக அணையாது. கப்ளிங்கைப் பற்களோடு இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். வளையம் கழன்று வர மறுத்தால் சுத்தியலால் தண்டின் முனையில் அடிப்பவர்கள் உண்டு. மரையும் கெடும், புஷ்ஷும் கெடும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பயன்படுத்துங்கள், மைய நட்டைச் சில சுற்று மரையில் விட்டே இழுங்கள், இல்லையென்றால் வளையம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும்.

புது புஷ் போடும் முன், பழைய புஷ் உராய்ந்த இடத்தைத் தண்டில் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ்ஷும் சில மாதங்களில் ஆடத் தொடங்கும். அந்தப் பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடைவது எனக்குச் சம்மதமில்லை. சூட்டில் தண்டு வளைந்துவிடும். வேறு நல்ல தண்டைத் தேடுவதே சரி. புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும் என்பதால் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போதும். திரும்பப் பூட்டும்போது கிளாம்பின் போல்ட்டுகளோடு ஆலன் திருகையும் அதன் லாக் நட்டையும் இறுக்க மறக்காதீர்கள். வளையத்தை நமக்கு வசதியான தூரத்தில் நிறுத்திக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

ஹாரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புஷ் மாற்றிய பிறகு அது அடியோடு நின்றுபோகலாம், உடனே புது புஷ் சரியில்லை என்று பழி வரும். ஹாரன் பட்டனை அழுத்தும்போது மின்சாரம் தண்டின் வழியாகத்தான் எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் உடலைச் சென்றடைகிறது. ஆனால் தண்டைச் சுற்றிப் புஷ், அடியில் ரப்பர் கப்ளிங், அதற்கும் கீழே ரப்பர் மெத்தையில் ராக் என்று வழி முழுவதும் மின்சாரம் செல்லாத பொருள்களே இருக்கின்றன. அதனால் கப்ளிங்கின் இரு பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு செம்புப் பட்டை இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது எப்போதோ அறுந்திருக்கும். தேய்ந்த புஷ்ஷின் புண்ணியத்தில் தண்டு வெளிக்குழாயை உரசும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நேயருடைய வண்டியிலும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பட்டையைப் புதிதாகப் போட்டு, ராக்கிலிருந்து சேசிஸுக்கும் ஓர் எர்த் கம்பி கொடுத்துவிடுங்கள். கப்ளிங் ரப்பரை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் விசாரிக்கலாம், ஆனால் பழைய தண்டு கிடைத்தால், யாராவது வெல்டிங் வைத்து வர்ணம் பூசியிருக்கிறார்களா என்று இணைப்பைச் சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள். புஷ், கப்ளிங் போன்றவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதும் கடினமன்று, ஏனெனில் ஹெரால்டின் அடிப்படையிலேயே உருவாகி 1980 வரை தயாரிக்கப்பட்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு அங்கே இன்றும் உதிரி பாகங்கள் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பழைய பாகத்தின் அளவை எடுத்து அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.