கெட்டில் மூடியைத் திறந்து வைக்காதீர்கள்

வணக்கம். சுற்றுலா விடுதி அறையில் சமைப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே குட்டி ரைஸ் குக்கரைச் சுருட்டி வைத்துக்கொண்டு போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் இது உபதேசம் இல்லை, பட்டவன் பேச்சு.

ஒருமுறை காலையில் அரிசியைக் களைந்து குக்கரில் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டுப் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் அரிசி ஊறிக் கிடக்கிறது, வேகவில்லை. குக்கரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். குற்றவாளி என் சட்டைப் பையில் இருந்தது. கதவருகே செருகி வைக்கும் சாவி அட்டையைச் சொல்கிறேன். அதை உருவினால் பல விடுதிகளில் அறைக்கு மின்சாரமே நின்றுவிடும். அன்றைக்கு எரிச்சல்தான். ஆனால் ஆளில்லாத அறையில் அடுப்பை ஓடவிட்டுப் போனது நான்தானே?

சரி, என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். கெட்டில். விடுதிக்காரர்களே மேசை மேல் வைத்திருப்பார்களே, அதுதான். தண்ணீர் கொதித்ததும் அது தானாக நிற்கிறது, இல்லையா? தண்ணீர் கொதித்த சேதியை அதற்குச் சொல்வது ஆவி. பெரும்பாலான கெட்டில்களில் ஆவி ஒரு சின்ன வழியாகப் போய் ஓர் உலோகத் தகட்டைத் தொடும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. சூடு பட்டதும் டக்கென்று வளைந்து சுவிட்சை அணைத்துவிடும். மூடி திறந்திருந்தால் ஆவி நேரே மேலே போய்விடும், தகட்டுக்குச் சேதி போகாது. கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். முட்டை வெந்ததா என்று பார்க்க மூடியைத் திறந்து வைப்பவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்!

பால் காய்ச்சுவதும் வேண்டாம். அடியில் பிடித்துக் கருகும், பொங்கி வழிந்தால் கீழே மின் இணைப்பில் இறங்கும். உங்களுக்கு அடுத்து அந்த அறைக்கு வருபவர் வெந்நீரில் தீய்ந்த வாடை அடிக்கும். கெட்டிலில் தண்ணீர் மட்டும், மூடியை மூடி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பல விடுதிகள் அறையில் அனுமதிப்பதில்லை. அதில் தீ இல்லையே, அதற்கு ஏன் தடை என்று கேட்கிறார்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் வயர் சூடாகும், இல்லாவிட்டால் பிரேக்கர் விழும். தலைக்கு மேலே புகை உணர்வியும் இருக்கிறது. எண்ணெய்ப் புகைதான் வேண்டும் என்றில்லை, அடர்ந்த நீராவியே சிலவற்றை ஏமாற்றி அலற வைத்துவிடும். அது கத்துகிறதே என்று பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ரைஸ் குக்கரின் அடியில் இருக்கும் காந்தத்தைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள், அதனால் இரண்டே வரி. கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள் பற்ற வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்புறம், வெளிநாட்டுக்குப் போகும்போது வாங்குகிற சாதாரண பிளக் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும் கெட்டிலை 230 வோல்ட்டில் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தி இழுத்துச் சூடேறும். கிளம்பும் முன்பே அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். வணக்கம்.