குளத்தோடு கோபித்துக்கொண்டவன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவனைப் பற்றி நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. வானொலி என்பதால் 'கால்' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீண் கோபத்தால் தனக்கே நட்டம் தேடிக்கொள்பவனைக் கேலி செய்வதற்காகச் சொல்லும் பழமொழி இது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்த மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த மனிதன் மீது நெடுங்காலமாக ஒரு மரியாதை இருந்து வருகிறது. அவன் எதற்காகக் கோபித்தானோ, அவனுடைய புண்ணியத்தில் அந்தக் குளம் அன்றைக்கு ஒரு வேளையாவது சுத்தமாக இருந்தது.

குளக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களும், குளத்தில் படகில் உலாவுகிறவர்களும் தங்கள் மலத்தை என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம். மதியச் சாப்பாட்டு வேளையில் இதைப் பேசலாமா என்று என்னை அழைத்தவர்கள் சற்றுத் தயங்கினார்கள். சாப்பிடுகிறவர்களுக்குத்தானே இந்தத் தேவையும் வருகிறது என்று நான் சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள்.

திருகோணமலை நகரில் குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடிக்கிற நேயர், அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய் குளத்திலிருந்து வருகிறது என்பதை அறிந்திருப்பார். அதைச் சுத்திகரித்து, குளோரின் இட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வழக்கமாக இடும் அளவு குளோரினுக்கு அசையாது. மேலும், குளத்தில் இறங்கிக் குளிப்பவருக்கும், வாய்க்கால் நீரை அள்ளி வாய் கொப்பளிக்கும் கமக்காரருக்கும் அந்தக் குளோரின் காவலும் கிடையாது. நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கமாரியில் ஒரு வகை ஆகிய எல்லாமே ஒருவருடைய மலத்திலிருந்து புறப்பட்டு இன்னொருவருடைய வாய்க்குப் போய்ச் சேருகிற நோய்கள்; அந்தப் பயணத்துக்கு மிக இலகுவான வாகனம் தண்ணீர்.

வட அமெரிக்காவில் ஏரிக்கரைகளில் முகாமிடுவோருக்கு ஒரு முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலசலகூடம் இருந்தால் அங்கே போக வேண்டும். இல்லாவிட்டால் நீரிலிருந்தும், பாதையிலிருந்தும், கூடாரத்திலிருந்தும் 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, அதில் கழித்து, தோண்டிய மண்ணாலேயே மூட வேண்டும். அளவுநாடா தேவையில்லை. 60 மீற்றர் என்பது சாதாரணமாக நடக்கிறவருடைய எண்பது காலடி; ஆழம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்லதுதானே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் நிறைந்திருக்கின்றன என்பதால், ஆழம் கூடக்கூட மக்குவது தாமதமாகும். ஆழம் குறைந்தாலோ நாயும் பன்றியும் கிளறிவிடும். புதைத்துவிட்டால் கிருமி உடனே செத்துவிடும் என்றும் நம்பியிருக்கக் கூடாது. மொன்டானா மலைகளில் செய்த ஓர் ஆய்வில், புதைத்த மலத்தில் கிருமிகள் பனிக்காலத்தைக் கடந்தும் உயிரோடிருந்தன. ஆகவே நம்மைக் காப்பது குழியைவிடத் தூரம்தான். எண்பது காலடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பழமொழிக்குத் திரும்பி வருகிறேன். அந்த நாட்டுக் கையேடுகள் எல்லாம் காகிதத்தைப் பற்றியே கவலைப்படுகின்றன: காகிதத்தைப் புதைப்பதா, பையில் திரும்ப எடுத்துச் செல்வதா என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அதனாலேயே நம்மிடம் வேறொரு குறை இருக்கிறது. ஒருவர் எண்பது காலடி தள்ளிப் போய், ஒழுங்காகக் குழி தோண்டி, மூடியும் விட்டு, பிறகு நேராகக் குளத்துக்கு வந்து இறங்கிக் கழுவினால், அவர் நடந்த நடை முழுவதும் வீண். ஒரு கிராம் மலத்தில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கோடிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். 'கொஞ்சம்தானே' என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை.

தம்பலகாமத்தில் வாழ்ந்த என் அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் இந்த விடயத்தில் அவரைவிடக் கறாரான பரிசோதகரை நான் கண்டதில்லை. விடியற்காலையில் ஒரு நெளிந்த பித்தளைச் செம்பில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அது சிந்தாமல் இருக்க மறுகையால் வாயைப் பொத்திக்கொண்டு, வரம்பைத் தாண்டிப் பற்றைப் பக்கம் போவார். அந்தச் செம்பு வீட்டுக்குள் வராது. வேலியில் ஒரு கவட்டில் கவிழ்த்தபடியே இருக்கும். ஒருநாள் நான் சோம்பலில் குளத்துப் படியிலேயே உட்கார்ந்து கழுவியதைக் கண்டுவிட்டார். அடிக்கவில்லை. பின்னேரம் அதே படியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்து, "குடியன் மோனே" என்றார். நான் பேசாமல் நின்றேன். "நீ குடிக்கமாட்டாய், ஊர் மட்டும் குடிக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு, அந்தக் குடத்தை முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். பிற்காலத்தில் பயிற்சி வகுப்புகளில் நான் கேட்ட விரிவுரைகளில் பலவற்றை மறந்துவிட்டேன். அந்தக் குடம் மறக்கவில்லை.

ஆகவே முகாமுக்குப் போகிறவர்கள் செம்புக்குப் பதிலாக ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போங்கள். குழிக்கு மேலேயே கழுவுங்கள், அந்த நீரும் குழிக்குள்ளேயே இறங்கட்டும், பிறகு மண்ணால் மூடுங்கள். கைக்குச் சவர்க்காரம் போடுவதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். இயற்கைச் சவர்க்காரம் என்று விற்பதுகூட மண்ணில் விழுந்தால்தான் சிதைகிறது, குளத்தில் கலப்பதற்கு ஏற்றதாகாது.

அந்த எண்பது காலடியை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? சில ஆண்டுகளுக்கு முன்னர், கச்சான் காற்று வீசுகிற ஓர் ஆவணி மாதத்தில், கந்தளாய் பக்கம் ஒரு குளத்தின் உட்கரையில் கூடாரம் போட்டிருந்த இளைஞர்களைச் சந்தித்தேன். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். சிறிய மண்வெட்டி வைத்திருந்தார்கள், நீர் விளிம்பிலிருந்து அடி எண்ணியிருந்தார்கள், மூடிய குழிகளின் மேல் அடையாளத்துக்குக் குச்சியும் நட்டிருந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் என்னை அழைத்துப் போய்க் காட்டியபோது, காலுக்குக் கீழே நத்தை ஓடுகள் நொறுங்கின. தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மருத மரத்தின் அடியில், என் நெஞ்சளவு உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

"தம்பி, இது என்ன கோடு?" என்று கேட்டேன். "சேறு காய்ஞ்சது போல கிடக்குது ஐயா" என்றார் ஒருவர். "இவ்வளவு உயரத்தில சேறு எப்படி வந்தது?" அவர் கோட்டைப் பார்த்தார், பிறகு குச்சிகளைப் பார்த்தார். மாரி தொடங்கி மார்கழியில் குளம் நிரம்பும்போது அந்தக் குழிகளுக்கு மேல் ஓர் ஆள் மார்பளவு தண்ணீர் நிற்கும். அவர்கள் குளத்துக்கு வெளியே தோண்டவில்லை. குளத்துக்குள்ளேயே, அது ஊரில் இல்லாத நேரத்தில் தோண்டியிருந்தார்கள். அன்று மாலை அவர்கள் ஒரு வாளியைத் தேடி எடுத்து, அந்தக் குழிகளைத் திரும்பவும் தோண்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லாமலே செய்தார்கள்.

ஆகவே கோடையில் போகிறவர்கள் தண்ணீர் இன்று நிற்கிற இடத்திலிருந்து எண்ணாதீர்கள். குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் எட்டுகிற எல்லையிலிருந்து எண்ணுங்கள். மரத்தில் கோடு இருக்கும், அல்லது நத்தை ஓடுகள் முடிகிற இடம் இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்குகிற தேக்கம் எங்கும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் பவல் ஏரி என்ற பெருந்தேக்கத்தின் கரையில் மலசலகூடம் இல்லாத இடத்தில் முகாமிடுவோர், புதைக்காமல், கையோடு கொண்டுபோகும் கழிப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கந்தளாய்ப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு இறங்கும். அந்த வேளையில் சுகாதாரம் பேசி எண்பது காலடி பற்றைக்குள் போகும்படி நான் யாரையும் அனுப்பமாட்டேன். இறுக்கமான மூடியுள்ள ஒரு பெயின்ற் வாளியைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணி மறைப்புக்குள் வையுங்கள். அடியில் இரண்டு கை உமி, ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை உமி. நெல் குத்துகிற நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. மரத்தூளோ சாம்பலோ என்றாலும் சரி. வாசம் அடங்கிவிடும், ஈ மொய்க்காது. வீடு திரும்பியதும் வாளியை மலசலகூடக் குழியில் கொட்டுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஐம்பது பேர் பஸ் பிடித்துப் போகிறீர்கள் என்றால், குழியையும் வாளியையும் மறந்துவிட்டு, மலசலகூடம் உள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள்.

படகைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அம்மம்மா நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேசப் பயணம் செய்கிற பெரிய கப்பல்கள், சுத்திகரிக்காத மலநீரைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விடலாம். கந்தளாய் குளத்தில் 12 மைலை எங்கே தேடுவது? ஆகவே குளத்துப் படகிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. அமெரிக்காவில் இப்படி விடத் தடையுள்ள ஏரிகளில், படகின் கழிப்பறையிலிருந்து வெளியே போகும் வழியைப் பூட்டி வைக்க வேண்டும்; தொட்டியில் சேர்ந்ததைக் கரைக்கு வந்து உறிஞ்சி எடுப்பிக்க வேண்டும். அதற்கான நிலையங்களை அமைக்க 1992இல் தனிச் சட்டமே இயற்றி நிதி ஒதுக்கினார்கள். நமது சிறிய படகுகளுக்கு, ஏறுவதற்கு முன் போய்விட்டு வருவதும், அவசரத்துக்கு மேற்சொன்ன மூடி வாளியை ஏற்றிக்கொள்வதும் போதும்.

கடைசியாகக் குழந்தைகள். பச்சைக் குழந்தையின் மலத்துக்குத் தோஷமில்லை என்று துணியைக் குளத்தில் அலசுகிறவர்கள் உண்டு. 1854இல் இலண்டன் பிரோட் வீதியில் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்ற வாந்திபேதி, நோயுற்ற ஒரு குழந்தையின் துணி அலசிய நீரை ஊற்றிய மலக்குழி பக்கத்துக் கிணற்றில் கசிந்ததால் பரவியது என்று கண்டறிந்தார்கள். துணியையும் பம்பர்ஸையும் ஒரு பையில் இறுகக் கட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள். நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வணக்கம்.