கிருமி மேல இருக்க சர்க்கரையும் நம்ம ஈறும்

வணக்கம் மக்களே. நம்ம ஊர்ல ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சா, "ரொம்ப அல்வா தின்னிருப்ப"ன்னு உடனே சொல்லிப்போடுதாவ. அல்வாவுல உள்ள சீனி சொத்தைக்குக் காரணம், அது உண்மை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கற கிருமி அந்தச் சீனியைத் தின்னு அமிலம் விடுது, பல்லு அரிக்குது. ஆனா ஈறு நோயில பெரிய வேலை பாக்க போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கற கிருமி சீனியை நம்பிப் பிழைக்கதில்ல. அதுக்குச் சாப்பாடு புரதத் துணுக்கு. ரத்தத்துல உள்ள இரும்பும் வேணும். அது சீனி திங்காட்டியும், அதோட உடம்புக்கு மேல பூராவும் சர்க்கரைச் சங்கிலிதான். இன்னைக்கு அந்தச் சர்க்கரையைப் பத்திப் பேசப் போறேன். அது விளங்கிட்டா, கொப்பளிக்க மருந்தும் மாத்திரையும் மட்டும் ஏன் ஈறைக் காப்பாத்தாதுங்கறதும் விளங்கிரும்.

பல்லு தேய்ச்ச சில நிமிஷத்துலயே எச்சில்ல உள்ள கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரை ஒட்டின புரதம், பல்லு மேல மெல்லிய படலமா படிஞ்சிரும். முதல்ல வந்து அதுல ஒட்டுதது பெரும்பாலும் சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைங்க. அதுல பல வகைக்கு மேல்பரப்புல காலக்டோஸ், என்-அசிட்டைல் காலக்டோசமைன்ங்கற சர்க்கரைங்க சேர்ந்த சங்கிலி நீட்டிக்கிட்டு நிக்கும். ஆக்டினோமைசஸ்னு இன்னொரு கிருமி, அதுக்கு மெல்லிய இழைங்க உண்டு. அந்த இழை இந்தச் சர்க்கரையைத் தேடிப் பிடிச்சிக்கிடும். பிறகு ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் வரும். நீளமான கிருமி அது. முன்னால வந்ததையும் பின்னால வரப்போற கெட்ட கிருமியையும் அதுதான் சேத்துக் கட்டுது. அதோட ஃபேப்2ங்கற புரதமும் காலக்டோஸ் வகைச் சர்க்கரையைத்தான் பிடிக்குது.

இதை லேபுல வெறும் கண்ணாலயே பாத்துக்கிடலாம். ஒரு டியூபுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இன்னொன்னுல ஆக்டினோமைசஸ். ரெண்டும் கலங்கலா இருக்கும். சேத்து நல்லா குலுக்கி நிறுத்தி வச்சா, கொஞ்ச நேரத்துல தூள் தூளா திரண்டு அடியில படியும், மேல உள்ள தண்ணி தெளிஞ்சிரும். இப்போ லாக்டோஸ், அதாவது பால்ல உள்ள சர்க்கரை, அந்தக் கரைசலை ஊத்திக் குலுக்குங்க. திரண்டதெல்லாம் பிரிஞ்சு பழையபடி கலங்கலாயிரும். லாக்டோஸ்ல உள்ள காலக்டோஸ் போயி இழையோட பிடியை அடைச்சிக்கிடுது, அதனால மத்த கிருமியைப் பிடிக்க அதுக்கு இடமில்லாமப் போயிருது.

அப்போ பால் குடிச்சா பல்லு மேல உள்ளது கரைஞ்சிருமான்னு கேட்டா, கரையாது. டியூபுல இருந்தது ரெண்டே வகை. வாயில நூத்துக்கணக்கான வகை, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பிடி. அதே ஃபியூசோபாக்டீரியத்துக்கு ராட்-டின்னு இன்னொரு பிடி உண்டு. அது லாக்டோசுக்கு அசையாது, ஆர்ஜினைன்ங்கற அமினோ அமிலத்தைப் போட்டாத்தான் விடும். அது போக, கூட்டமா ஒட்டின கிருமிங்க தங்களைச் சுத்தி சர்க்கரையும் புரதமும் கலந்த பசையை விட்டு மூடிக்கிடும். குறுக்குத்துறை படித்துறையில பாசி வழுக்குதுல்லா, ஆறே அது மேல ஓடினாலும் அடிச்சிட்டுப் போகுதா? நார் வச்சுத் தேய்ச்சாத்தான் போகும். பல்லுல உள்ளதும் அப்படித்தான்.

இனி ஜிஞ்சிவாலிஸ் கதைக்கு வாரேன். இதுல பல ரகத்துக்கு வெளியே பாலிசாக்கரைடு உறை, அதாவது நீளமான சர்க்கரைச் சங்கிலியால ஆன போர்வை உண்டு. கே1 முதல் கே6 வரை ஆறு வகை பிரிச்சிருக்காவ. உறை இருந்தா வெள்ளை அணுக்களால அதை லேசா முழுங்க முடியாது. அதைவிட முக்கியமா நான் நினைக்கது ஏ-எல்பிஎஸ்ங்கற சர்க்கரைக் கொழுப்பு. நம்ம ஈறுப் புரதத்தை வெட்டுத ஜிஞ்சிபெய்ன் நொதிங்களைக் கிருமியோட மேல்பரப்புல மாட்டி வைக்கது இந்தச் சர்க்கரைதான். இது இல்லாத கிருமியை ஆய்வுல உருவாக்கிப் பாத்தா, நொதி மேல நிக்காம வெளியே கழண்டு போயிருது. கிருமி வளக்குத ரத்தம் கலந்த தட்டுல (ரத்த அகார்) வழக்கமா கருப்பா வளரதும் கருக்காம வெளுத்துப்போவுது.

கூடவே இருக்க டானெரெல்லா ஃபோர்சித்தியா இன்னும் கெட்டிக்காரக் கிருமி. நம்ம செல்லு மேல உள்ள சயாலிக் அமிலங்கற சர்க்கரையை நொதி வச்சு அறுத்து எடுக்கும். அதே மாதிரி அமைப்புள்ள சர்க்கரையைத் தன் மேலயும் போத்திக்கிட்டு இருக்கும். செல் சுவர் கட்ட வேண்டிய என்-அசிட்டைல் மியூராமிக் அமிலத்தை அதால சொந்தமா செய்ய முடியாது, பக்கத்துக் கிருமிங்க கிட்டயிருந்துதான் வரணும். கூட்டத்தைக் கலைச்சா அதோட பிழைப்பு போச்சு.

எத்தனை நாள்ல ஈறு கெடும்? 1965ல டென்மார்க்குல ஹரால்ட் லோ குழு, நல்ல ஈறு உள்ளவங்களைப் பல்லு தேய்க்காம இருக்கச் சொல்லிப் பாத்தாவ. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிட்டு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் சரியாயிட்டு. அதனால தேய்க்கும்போது ரத்தம் வந்தா அந்த இடத்தை விட்டுராதீங்க, அங்கதான் மெதுவா, நல்லா தேய்க்கணும்.

இந்த மாடல்ல காட்டுதேன், பாருங்க. மெத்துன பிரஷ். நார் நுனியை ஈறும் பல்லும் சேருத கோட்டுல 45 டிகிரி சாய்ச்சு வைக்கணும். பாதி நார் ஈறு மேல, பாதி பல்லு மேல. அழுத்தாம, இடத்தை விட்டு நகராம, ரெண்டு மூணு பல்லுக்கு 10, 15 தடவை சின்னதா அசைச்சு, பிறகு கடிக்கிற பக்கமா உருட்டி விடுங்க. மொத்தம் ரெண்டு நிமிஷம், காலையிலயும் ராத்திரியும். பலபேரு தவறவிடுதது கீழ்ப் பல்லோட நாக்குப் பக்கம். காரை, அதாவது படலம் கல்லா இறுகினது, அதிகம் கட்டுததும் அங்கதான். பல்லிடுக்குக்கு இடைப்பல் பிரஷ் வாங்குங்க. லேசா உரசிக்கிட்டுப் போற சைஸ் வேணும். முட்டித் தள்ளினா ஈறு கிழியும், தொளதொளன்னு போனா ஒண்ணும் எடுக்காது. வேப்பங்குச்சியை நான் குறை சொல்லலை, ஆனா அது இடுக்குக்குள்ள போகாது. உமிக்கரியும் செங்கப்பொடியும் வேண்டவே வேண்டாம், ஈறு இறங்கின இடத்துல வேரைத் தேய்ச்சிரும்.

கொப்பளிக்க மருந்துன்னா குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம், 10 மில்லி, ஒரு நிமிஷம், ரெண்டு வேளை, டாக்டர் சொன்னா ரெண்டு வாரம். அது நேர்மின்னேற்றம் உள்ளது, கிருமியோட மேல்பரப்புல உள்ள எதிர்மின்னேற்றத்துல ஒட்டித்தான் வேலை செய்யுது. பேஸ்ட்டுல உள்ள நுரைப்பொருள் அதைக் கெடுத்துரும், அதனால தேய்ச்சு அரை மணி நேரம் கழிச்சுக் கொப்பளிங்க. கனமான படலத்துக்குள்ள அது ஆழமா இறங்காது. ரொம்ப நாள் ஊத்தினா பல்லு பழுப்பாகும். மெடிக்கல்ல போயி மெட்ரோனிடசோல்ங்கற கிருமி மாத்திரை நாலு வாங்கி முழுங்குத பழக்கத்தை தயவுசெஞ்சு விடுங்க. படலத்தைக் கலைக்காம மாத்திரை போட்டா வீக்கம் குறையும், கிருமி அங்கயே இருக்கும், திரும்ப வரும்.

காரை கட்டினா பிரஷ்ஷுக்கு அசையாது, டாக்டர்கிட்ட ஸ்கேலிங், அதாவது கருவி வச்சுச் சுரண்டி எடுக்கது, பண்ணித்தான் ஆகணும். "ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்"னு பயப்படுதாவ. பல்லு ஆடுதது எலும்பு ஏற்கனவே கரைஞ்சதால. காரை போனதும், வீக்கம் வத்தினதும், இடைவெளி வெளிய தெரியுது. கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை வியாதி உள்ளவங்க எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாசச் சராசரி ரத்தச் சர்க்கரை) அளவையும் டாக்டர்கிட்ட சொல்லணும், சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சர்க்கரை அடங்காது. பீடி, சிகரெட் குடிக்கவங்களுக்கு ரத்தம் வராமலே நோய் முத்தும், ரத்தம் இல்லைன்னு சும்மா இருந்துராதீங்க.

டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு அளப்பாவ. 1ல இருந்து 3 வரைன்னா நல்லது. 4ம் அதுக்கு மேலயும் ரத்தத்தோட வந்தா சிகிச்சை வேணும். ஸ்கேலிங்குக்கு முன்னால வந்த அளவை எழுதி வாங்கிக்கிடுங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதே இடத்தைத் திரும்ப அளக்கச் சொல்லுங்க.