பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு மலை

வணக்கம் மக்களே! அல்சூர்ல மொட்டைமாடியில நின்னு பேசுறேன், கீழ ஆட்டோ ஹாரன் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன வீடியோல ரிஷிவேலிங்கிற ஹாஸ்டல் பள்ளி பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன் இல்ல? அதுக்கு ஒரே கேள்விதான் விதவிதமா வந்துச்சு. "அக்கா, லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி ஹாஸ்டல்ல விட்டா, காட்டுல குருவி பாக்க வைக்கிறாங்க. இதெல்லாம் ஒரு படிப்பா?" கேக்க வேண்டிய கேள்விதான்.

இடத்தை மொதல்ல சொல்லிடறேன். நம்ம பெங்களூர்ல இருந்து ஹொஸ்கோட்டே, சிந்தாமணி தாண்டி மதனப்பள்ளிப் பக்கம், சுமார் 140 கிலோமீட்டர். ஆந்திரா. மதனப்பள்ளின்னாலே நமக்குத் தக்காளிதான் ஞாபகம் வரும். தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் அதேதான், 1895ல. அவர் தொடங்கின பள்ளி இது. வளாகம் 350 ஏக்கருக்கு மேல, சுத்தி மலை.

போட்டோல பச்சைப்பசேல்னு இருக்கும். அதைப் பாத்து ஊட்டி, கொடைக்கானல்னு நெனச்சுடாதீங்க. அது ராயலசீமா, மழை ஏமாத்துற மண்ணு. மரம் நட்டு, ஓடையில தடுப்பணை கட்டி, ஆடு மாடு ஏறாம பாத்துக்கிட்டு, வருஷக்கணக்கா பாடுபட்டு வந்த பச்சை அது. 1991ல வளாகத்தையே பறவைகளுக்கான காப்பிடமா அறிவிச்சாங்க. 200 வகைக்கு மேல பதிவாகியிருக்கு. அதுல மஞ்சள் தொண்டைச் சின்னான்னு ஒண்ணு, உலகத்துலயே தென்னிந்தியப் பாறைக் குன்றுகள்ல மட்டும் வாழுற பறவை. நம்ம நந்தி மலையிலயும் இருக்கு. நாம அங்க சூரிய உதயத்துக்கு செல்ஃபி எடுத்துட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு இறங்கிடறோம், அது வேற கதை.

சரி, பாடம் எங்க இருக்குன்னா, ஓடுற தண்ணிய தடுத்தா வேகம் குறையும், நின்ன தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும், கிணத்துல மட்டம் ஏறும். நாலாங்கிளாஸ் புத்தகத்துல படம் போட்டு அம்புக்குறியோட இருக்கு, எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதினோம். அந்த மாதிரி வளாகத்துல இருக்குற பிள்ளை அதே தடுப்பணைய மே மாசத்துல வெடிச்ச சேறாப் பாக்குது, ஐப்பசியில ரொம்பி வழியறதப் பாக்குது. அடுத்த வருஷமும் பாக்குது. மழை பொய்ச்ச வருஷத்துல அதுவே குளிக்கிற தண்ணியில கை வைக்குது. 2024 கோடையில இங்க போர்வெல் வத்தி டேங்கருக்கு அலைஞ்சோமே, நம்ம பிள்ளைங்க பாத்தது டேங்கர் வந்த நேரத்தையும் அம்மாவோட சண்டையையும்தான். தண்ணி எதனால போச்சுன்னு அதுங்களுக்குக் காட்ட நம்மகிட்ட ஒரு ஓடை கிடையாது.

ஹாஸ்டல் எதுக்குன்னு கேக்கறீங்க. பறவை காலையிலயும் சாயங்காலமும்தான் சுறுசுறுப்பா இருக்கும். ஆறுமணிக்குருவிக்கு அந்தப் பேரே அது கூப்பிடற நேரத்தால வந்தது. ராத்திரி ரோட்டுல வந்து உக்கார்ற பக்கிங்கிற பறவைய எந்த ஸ்கூல் வேன்ல வர்ற பிள்ளை பாக்கும்? எட்டரைக்கு வந்து மூணரைக்குக் கிளம்பினா, இருக்குறதுலயே மந்தமான நேரம்தான் நமக்குக் கிடைக்கும். ரிஷிவேலியில அஸ்தாச்சல்னு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் பிள்ளைங்க பேசாம உக்காந்து சூரியன் இறங்கறதப் பாப்பாங்க. மார்க் கிடையாது, ரிப்போர்ட் எழுத வேண்டாம். என்னைக் கேட்டா இருக்குறதுலயே கஷ்டமான பீரியட் அதுதான். என்னால அஞ்சு நிமிஷம் முடியாது!

இப்ப ஃபீஸ். அது எல்லாராலயும் முடியாது, இதுல ஒளிச்சுப் பேச ஒண்ணுமில்ல. இன்னொண்ணும் என்னை உறுத்துது. எந்த மலையா இருந்தாலும் மேய்ச்சல நிறுத்தி வளர்த்தா, அதுல மேஞ்ச ஆடு எங்க போகும்? ஆடு மேய்க்கிற பையனுக்கு எந்தச் செடி எப்ப துளிர்க்கும்னு நம்மள விட நல்லாத் தெரியும். அவனுக்கு யாரும் சுற்றுச்சூழல் சர்டிஃபிகேட் தர்றதில்ல.

ஆனா ரிஷிவேலிக்காரங்க சுத்துப்பட்டு கிராமங்கள்லயும் சின்னச் சின்னப் பள்ளி நடத்தறாங்க. வேற வேற வகுப்புப் பிள்ளைங்க ஒரே அறையில உக்காந்து, அட்டைய எடுத்து அவங்கவங்க வேகத்துல படிக்கிற முறை. அதைப் பாத்துட்டு வந்துதான் 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க, பின்னாடி தமிழ்நாடு முழுக்கப் போச்சு. உங்கள்ல சில பேர் அந்த அட்டையும், ஏணிப்படி மாதிரி போட்ட பாட வரிசையும் வெச்சுப் படிச்சவங்களாவே இருப்பீங்க. லட்சம் கட்டாமலே அந்தப் பள்ளத்தாக்குல இருந்து ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்கு.

இங்கயே பாக்கணும்னா கனகபுரா ரோட்ல வேலி ஸ்கூல் இருக்கு, அதுவும் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையோடதுதான், பறவை பாக்கறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம். அனுமதி கேக்காம கேமராவோட போய் நிக்காதீங்க, அது பிள்ளைங்க படிக்கிற இடம்.

அதுவும் முடியலன்னா உங்க தெருவுல ஒரு புங்கமரம் இருக்கும், பெங்களூர்ல இல்லாத தெரு கம்மி. சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு, ஒரே மரத்தை வாரம் ஒருவாட்டி பாத்துத் துளிர், பூ, காய் இல்லையா, கொஞ்சமா, நிறையவான்னு குறிக்கணும். அவ்வளவுதான் வேலை. பிப்ரவரி, மார்ச்ல ஆரம்பிங்க. பழைய இலை கொட்டி, பளபளன்னு இளம்பச்சை வர்ற நேரம், பிள்ளைங்களுக்கு அலுக்காது. நோட்டுல தேதி போட்டு எழுதச் சொல்லுங்க, லிங்க் கீழ போட்டுடறேன்.