அளந்தவர்கள் சொன்னார்களா?

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசை மருத்துவர் ஐயா, மைக்கை மூன்று தடவை சரி செய்து கொடுத்த தம்பி, உள்ளே இன்னும் வடை சுட்டுக்கொண்டிருக்கும் அக்காமார், எல்லாருக்கும் வணக்கம். ரத்தம், பல், முடி என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், எதுவரை போகிறேன் பார்ப்போம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம்ம அடிலெய்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். 1926ல் மானிடவியல் ஆய்வுக்கு ஒரு குழு வைத்து, ஆகஸ்ட் விடுமுறை வந்தால் போதும், அங்கே வாழும் பூர்வகுடி மக்களை அளக்க மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளீலண்ட் ரத்த வகை பார்த்தார், கேம்ப்பெல் பல்லைப் பார்த்தார், ஸ்டான்டன் ஹிக்ஸ் மூச்சுக் காற்றைப் பிடித்து உடம்பு எவ்வளவு சூடு எரிக்கிறது என்று கணக்குப் போட்டார். முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார்கள், முடியைக் கொத்தாக வெட்டி உறையில் போட்டார்கள். 1929ல் ஹெர்மன்ஸ்பர்க் என்ற பாதிரியார் குடியிருப்புக்குப் போனபோது அங்கே வறட்சி, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்ததோ 1935ல்தான். அளந்ததெல்லாம் சரி, அதை அந்த ஜனத்துக்கு எந்த மொழியில் சொன்னார்கள்?

போன வருஷம் மாமியாரை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பேர் வேண்டாம். நான் காரை நிறுத்தப் போன நேரத்தில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தால் அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் இனிஷியலோடு, அழகாக, தமிழில். “எதுக்கு அத்தை?” “தெரியலை மாப்பிள்ளை, அந்தப் பிள்ளை சிரிச்சுச்சு, நானும் போட்டேன்.” பார்த்தால், மிச்ச ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம், நான்கு பக்கம்! சந்தையில் கத்திரிக்காயைக்கூட இரண்டு தராசில் போட்டுப் பார்க்கிறவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

சரி, முடிக்கு வருகிறேன். 1928 முதல் 1970கள் வரை சேர்த்த 5,000க்கு மேற்பட்ட முடி மாதிரிகள் இங்கே தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிற்பாடு அதில் மரபணு பார்க்க நினைத்தவர்கள் முதலில் முடி கொடுத்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய், உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கினார்கள். 111 மாதிரிகளின் முடிவு 2017ல் வெளிவந்தது. கேட்க முடிந்திருக்கிறதே! அதையேதான் நம் பெரியவர்களுக்கும் கேட்கிறேன்: மருமகன் இல்லை, மொழிபெயர்ப்பாளர் வந்து தமிழில் வாசித்துச் சொன்ன பிறகே தாளை நீட்டட்டும்.

பல்லுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதைக் கேட்கும் மனு வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தமிழில்தான், ஒன்றரைப் பக்கம். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அத்தை, நீங்களும்தான்.