விலையா, நோக்கமா? நோக்கமே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஆயர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பந்தலுக்குள் இடம் கிடைத்தவர்களுக்கும், கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்பவர்களுக்கும் என் தோத்திரங்கள்.

உண்மையுள்ள ஊழியத்தில் விஞ்சி நிற்பது கொடுத்த விலையா, கொண்ட நோக்கமா என்பது இன்றைய தலைப்பு. நோக்கமே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னே பேசிய எதிரணி அம்மையார் லூக்கா 14-ஆம் அதிகாரத்தைக் காட்டி, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கோபுரம் வேண்டும் என்ற எண்ணம் வந்த பிறகுதானே அவன் உட்காருகிறான்? கோபுரமே வேண்டாதவன் எதற்காகச் செங்கல்லை எண்ணப் போகிறான்? இதை இத்தோடு விடுகிறேன். ஏனென்றால், அவர் கடைசியாக வீசிவிட்டுப் போன கேள்விதான் இந்தப் பந்தலை அதிர வைத்தது. "கொடுத்த விலைக்கு ரசீது உண்டு, சிறையும் கல்லறையும் சாட்சி. நோக்கத்துக்கு ரசீது உண்டா?" என்று கேட்டுவிட்டு அவர் அமர்ந்தபோது எழுந்த கைதட்டலில் என் மனைவியின் கைதட்டலும் கலந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

ரசீதுதானே வேண்டும்? தரங்கம்பாடியில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்.

1706 ஜூலை 9. ஏழு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு, ஜெர்மானிய மிஷனரிகளான பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரும் ஹென்றி புளூச்சோ ஐயரும், அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அரசரே அனுப்பிய ஆட்களுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்த டேனியத் தளபதி ஹாசியஸ் அவர்களை ஏறெடுத்துப் பார்க்கவே மனமில்லாதவராக இருந்தார். 1708-இன் இறுதியில் சீகன்பால்கைப் பிடித்து டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தும் வைத்தார். இதுவரை கதை எதிரணிக்கு ஆதரவானதுதான், ஒப்புக்கொள்கிறேன். இனிமேல்தான் பாலாடைக்கட்டி வருகிறது.

சிறை மீண்ட ஐயர் 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். ஓலையில் படி எடுத்துக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? அச்சுப் பொறி வேண்டும். லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் ஒன்றை அனுப்பினார்கள். வழியில் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. பொறியோடு வந்த யோனாஸ் ஃபின்க் என்ற அச்சுத் தொழிலாளி இந்தியாவைக் காணாமலே இறந்துபோனார். பொறி வந்தது, அச்சடிக்கத் தெரிந்தவர் வரவில்லை. பிறகு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். தமிழை அதற்கு முன் கண்டறியாத கைகள் வார்த்தவை அல்லவா, ஒவ்வோர் எழுத்தும் தடித்துப் பெருத்து வந்து சேர்ந்தது. அந்த அளவில் அச்சடித்தால் கையிருப்புக் காகிதம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கலாம் என்றால் அதற்கு ஈயம் வேண்டும். எங்கே போவது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்களை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். அந்தச் சங்கத்துப் பெரியவர்கள், "பாவம், பிள்ளைகள் அந்த வெயிலில் என்ன சாப்பிடுகிறார்களோ" என்று கவலைப்பட்டு, செஷயர் பாலாடைக்கட்டியை ஈய உறைக்குள் பத்திரமாக அடைத்து அனுப்பி வைக்கிறார்கள். அது நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக் கணக்கில் வெயிலில் வெந்து, சோழமண்டலக் கரையில் வந்து இறங்குகிறது. அதன் வாசனையைப் பற்றி வரலாறு மௌனம் சாதிக்கிறது. ஆனால் கருவாட்டுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த தரங்கம்பாடிக்காரர்களும் அன்றைக்கு மூக்கைப் பொத்தியிருப்பார்கள் என்பது என் சொந்தக் கற்பனை. பிரித்தாகிவிட்டது. கட்டி ஒரு பக்கம், ஈய உறை ஒரு பக்கம். நம் வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளிநாட்டு பிஸ்கட் டப்பா என்றால் அதில் ஊசி, நூல், பொத்தான் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவோம். பேரப்பிள்ளை பிஸ்கட் என்று திறந்து பார்த்து ஏமாறும். மிஷனரிகள் அந்த ஈய உறைகளை உருக்கினார்கள், நடுவர் ஐயா! உருக்கிச் சிறிய தமிழ் எழுத்துகளாக வார்த்தார்கள். 1714-இல் தொடங்கி 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது.

அம்மையார் அவர்களே, சாப்பாட்டு உறையில் சுவிசேஷத்தின் எழுத்தைக் கண்டது எந்தக் கண்? விலை கொடுத்த கண்ணா? அப்படியானால் அதே கடலைக் கடந்து, அதே வெயிலில் வாடி, அதே மண்ணில் புதைக்கப்பட்ட கம்பெனி எழுத்தர்களும் சிப்பாய்களும் கொடுத்த விலை குறைவா? துணி வாங்க வந்தவனும் காய்ச்சலில்தான் செத்தான். ஹாசியஸும் அதே கோட்டையில்தான் வெந்தார். செலவுக் கணக்கில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அந்த ஈய உறை எழுத்தாகத் தெரிந்தது ஒரே கூட்டத்தாருக்குத்தான். நீங்கள் கேட்ட ரசீது அதுதான். தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எதிரணிக்குக் கொஞ்சம் வலிக்கும். விலையே பெரிது என்ற உங்கள் கட்சியை அந்தக் காலத்திலேயே ஒருவர் பேசினார். 1714-இல் கோபன்ஹேகனில் அமைந்த மிஷன் சங்கத்தின் செயலாளர், வெண்ட் என்பவர். மிஷனரி என்றால் அப்போஸ்தலரைப்போல வெறுங்கையோடு அலைந்து பிரசங்கிக்க வேண்டும். பள்ளியும் கட்டடமும் எதற்கு என்று கேட்டுக் கடுமையான கடிதங்களை எழுதிக் குவித்தார். சீகன்பால்கும் அவருடைய தோழர் குருண்ட்லரும் அதற்கு இணங்கவில்லை. ஆத்துமாவுக்குச் செய்யும் பணியையும் சரீரத்துக்குச் செய்யும் பணியையும் பிரிக்க முடியாது என்பது அவர்கள் நிலை. பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, பள்ளி நடத்தியவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? ஊழியக்காரன் எவ்வளவு வாடினான் என்று கோபன்ஹேகனில் அளந்துகொண்டிருந்தார்கள். தரங்கம்பாடியிலோ, எதற்காக வாடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த அளவுகோல் இன்றும் போய்விடவில்லை. பட்ட பாடுகளை மட்டுமே ஒன்றரை மணி நேரம் சாட்சி சொல்கிற மேடைகளையும், ஆண்டவர் பெயரைவிடப் போதகரின் படம் நான்கு மடங்கு பெரிதாக நிற்கிற ஃபிளெக்ஸ் பலகைகளையும் நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதியது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள், ஐயா.

புதிய ஏற்பாட்டை முடித்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டையும் தொடங்கினார். ஆதியாகமத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து ரூத்தின் புத்தகம் வரை வந்தார். அதற்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் இறந்தார். வயது 36. என் மூத்த மகனைவிட இரண்டு வயதுதான் கூடுதல், தாய்மார்களே. ஜெர்மனியிலிருந்து அவரை மணந்து வந்த மரியா தொரோத்தேயா, திருமணமாகிச் சில ஆண்டுகளிலேயே விதவையானார். அடுத்த ஆண்டே குருண்ட்லரும் போனார். மிச்சத்தை மொழிபெயர்க்கப் பின்னால் பெஞ்சமின் சூல்ச்சே வந்தார் என்பது வரலாறு. ஆனால் என் மனம் அந்த ரூத்தை விட்டு நகர மறுக்கிறது. பிறந்த தேசத்தை விட்டு மாமியாரோடு புறப்பட்ட அந்தப் பெண், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்கிறாள். "நீர் மரணமடையும் இடத்தில் நானும் மரணமடைந்து, அங்கே அடக்கம்பண்ணப்படுவேன்" என்கிறாள். சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த ஒரு வாலிபன், தன் ஜனமல்லாத நம் ஜனத்துக்காக இதைத் தமிழில் எழுதினான். 1718-இல் தான் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே, பீடத்தின் அருகே, அடக்கம்பண்ணவும் பட்டான். நம் பாட்டன்மார் கையில் வேதம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு இந்த மண்ணில் வேறு என்ன வேலை இருந்தது, ஐயா? எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி.